உலகின் முதல் டிரைவ்-இன் தியேட்டர் ஏன் மூன்றே வருடத்தில் மூடப்பட்டது?

கேள்வி இது: "காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர் முதன்முதலில் அமெரிக்காவில் காம்டன் என்ற ஊரில் வந்தது என்றும், மூன்று வருடத்தில் அதை மூடிவிட்டார்கள் என்றும் படித்தேன். அவ்வளவு புதுமையான தியேட்டர் ஏன் நிலைக்கவில்லை? யோசனையே தவறா? இன்று அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

யோசனை தவறில்லை. காருக்குள் இருப்பவர் கண்ணுக்குத் திரை எப்படி முழுதாகத் தெரியும் என்ற சிக்கலை அந்தத் தியேட்டர் முதல் நாளிலேயே தீர்த்துவிட்டது. வசனம் எப்படி அவர் காதுக்குப் போய்ச் சேரும், நல்ல படம் எப்படிக் கட்டுப்படியாகும் வாடகைக்குக் கிடைக்கும் என்ற இரண்டும் தீரவில்லை. இரண்டுமே பின்னால் தீர்ந்தன, ஆனால் வேறு ஆட்களுக்கு. மூடப்பட்டதன் முழுக் கதையும் இதற்குள் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டிரைவ்-இன் என்றாலே 1950களின் அமெரிக்காவை நினைத்துக்கொள்கிறோம், அதைத் தொடங்கியவரின் உழைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவர் பெயர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். 1900இல் பிறந்தவர். சினிமாத் தொழிலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. நியூ ஜெர்சி மாநிலத்துக் காம்டனில் அவர் அப்பாவின் கம்பெனி 'விஸ்' என்ற பெயரில் காருக்கான பாலிஷ், கிரீஸ், எண்ணெய் வகைகளைத் தயாரித்து விற்றது. மகன் அங்கே விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1930களின் தொடக்கம், பெருமந்த காலம். நான்கில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. அந்த நிலையிலும் மக்கள் எதை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அவர் கவனித்தார். சாப்பாடு, துணிமணி, கார், சினிமா: இந்த நான்கையும்தான் அமெரிக்கர்கள் கடைசிவரை விடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. முதலில் அவர் திட்டமிட்டது ஒரு ஆடம்பரமான பெட்ரோல் பங்க். ஹவாய்த் தீவு பாணியில் அலங்காரம், காருக்கு வேலை நடக்கும்போது வீட்டார் உட்கார்ந்து சாப்பிட ஓட்டல், பொழுதுபோக ஒரு திரையில் படம். யோசிக்க யோசிக்க மற்றதெல்லாம் உதிர்ந்து, படமும் காரும் மட்டும் நின்றன.

அவர் அம்மா பருமனானவர், சாதாரணத் தியேட்டர் இருக்கையில் அவருக்கு வசதியாக உட்கார முடியவில்லை, மகன் அதனால்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் பெட்ரோல் பங்க் திட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால், கார்ப் பொருள் விற்றவரின் வியாபாரக் கண்தான் எனக்கு அதில் தெரிகிறது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காம்டனுக்குப் பக்கத்தில் ரிவர்ட்டன் என்ற ஊரில் அவர் வீடு. வீட்டு முன் வண்டி நிறுத்தும் இடத்தில் காரை நிறுத்தி, அதன் பானெட் மேல் 1928ஆம் வருடத்துக் கோடக் ப்ரொஜெக்டரை வைத்தார். எதிரே இரண்டு மரங்களுக்கு நடுவே திரையைக் கட்டினார். திரைக்குப் பின்னால் ஒரு ரேடியோ, சத்தத்துக்காக. கார்க் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று சோதித்தார். மழை பெய்தால் என்ன ஆகும்? புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் கார் மேல் திருப்பிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பார்த்தார்.

பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. ஒரு கார் என்றால் பிரச்சினை இல்லை. வரிசையாக நிறுத்தினால் முன்னால் நிற்கும் காரின் கூரை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். அது மட்டும் இல்லை, காருக்குள் இருப்பவர் முன் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். திரை உயரத்தில் இருந்தால் அவருடைய சொந்தக் காரின் கூரை விளிம்பே திரையின் மேல்பாதியை வெட்டிவிடும். பின் இருக்கையில் உள்ள குழந்தைகளுக்கு இன்னும் மோசம். அவர் முன் சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்து, காரின் மூக்கைத் தூக்கிப் பார்த்தார். கட்டையின் உயரத்தை மாற்றி மாற்றி, எந்த வரிசைக்கு எவ்வளவு சாய்வு தேவை என்று கணக்கிட்டார். திரைக்கு அருகில் நிற்கும் காருக்குச் சாய்வு அதிகம் வேண்டும், தள்ளிப் போகப் போகக் குறையும்.

இதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. திறந்த வெளியில் படம் காட்டுவது அதற்கு முன்பே எல்லா நாட்டிலும் உண்டு. கார்களை விட்டுப் படம் காட்டியவர்களும் உண்டு: நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் ஊரில் 1915இல் திறந்த 'தியேட்டர் டி குவாடலூப்' என்ற திறந்தவெளி அரங்கில் 700 பேருக்கு இருக்கை, அதோடு நாற்பது கார்கள் உள்ளே வந்து நிற்க இடம் இருந்தது. அதுவும் அடுத்த வருடமே மூடப்பட்டது. ஆகவே 'உலகின் முதல்' என்ற பட்டத்தைச் சற்று கவனமாகவே சொல்ல வேண்டும். கார்களுக்காகவே வடிவமைத்து, ஒவ்வொரு காரில் இருப்பவருக்கும் திரை தெரியும்படி நிலத்தை அமைத்த முதல் தியேட்டர் என்றால் அது ஹாலிங்ஸ்ஹெட்டினுடையதுதான்.

1932 ஆகஸ்ட் 6 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1933 மே 16 அன்று கிடைத்தது, எண் 1,909,537. வரிசைகள் திரையை நோக்கி வளைந்த வில் போல அமைய வேண்டும். ஒவ்வொரு வரிசையும் மண்ணைக் கொட்டி மேடாக்கிய சரிவு. இரண்டு வரிசைகளுக்கு நடுவே வண்டிப்பாதை. வருகிறவர் பாதையிலிருந்து திரும்பிச் சரிவில் ஏறி நிற்பார். சரிவில் கொஞ்சம் முன்னே அல்லது பின்னே நகர்ந்தால் காரின் கோணம் மாறும், அவரவர் உயரத்துக்கும் வண்டிக்கும் ஏற்றபடி சரிசெய்துகொள்ளலாம். பாதியில் கிளம்புகிறவரும் மற்றவர்களை மறைக்காமல் வெளியே போகலாம். நம்மில் பலருக்கு டிரைவ்-இன் என்றால் சென்னை ஈசிஆரில் இருந்த பிரார்த்தனாதான் நினைவுக்கு வரும். எந்த நாட்டில் டிரைவ்-இன் கட்டியவரும் முதலில் யோசிக்க வேண்டியிருந்தது முன் கார் மறைக்காமல் இருக்க என்ன செய்வது என்பதைத்தான். அதற்கு எழுத்தில் வந்த முதல் முழுமையான விடை இந்தக் காப்புரிமை.

பணத்துக்கு அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் வில்லிஸ் வாரன் ஸ்மித் கைகொடுத்தார். இருவரும் சேர்ந்து 'பார்க்-இன் தியேட்டர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இடம் அட்மிரல் வில்சன் பூல்வார்ட் என்ற பெரிய சாலையின் ஓரம், விமான நிலையத்தை ஒட்டிய வட்டச் சந்திப்புப் பக்கம். பொதுவாகக் காம்டன் டிரைவ்-இன் என்று சொன்னாலும், அது காம்டனை அடுத்த பென்சாக்கன் பகுதி. இடத்தேர்வு கெட்டிக்காரத்தனமானது. டெலாவேர் ஆற்றின் மேல் 1926இல் பெரிய தொங்குபாலம் திறந்த பிறகு, எதிர்க்கரையில் உள்ள ஃபிலடெல்ஃபியா மாநகரிலிருந்து கார்கள் நேராக இந்தச் சாலைக்கு வந்து இறங்கின.

காப்புரிமை கைக்கு வந்து மூன்றே வாரத்தில், 1933 ஜூன் 6 அன்று தியேட்டர் திறந்தது. சுமார் 400 கார்களுக்கு இடம். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். எத்தனை பேர் வந்தாலும் ஒரு காருக்கு மொத்தம் 1 டாலருக்கு மேல் இல்லை. அதாவது மூன்று பேருக்கு மேல் ஏறி வரும் குடும்பத்துக்கு மிச்சம் எல்லாம் இலவசம். முதல் படம் 'வைவ்ஸ் பிவேர்', அடால்ஃப் மென்ஜூ நடித்தது. அது புதுப்படம் இல்லை. பிரிட்டனில் முந்தைய வருடமே வேறு பெயரில் வந்துபோன படம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விளம்பரத்தில் அவர் சொன்னது: குழந்தைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் குடும்பத்தோடு வாருங்கள். சிகரெட் பிடிக்கலாம், பேசலாம், கொண்டுவந்ததைச் சாப்பிடலாம், பக்கத்தில் உள்ளவருக்குத் தொந்தரவு இல்லை. வீட்டு உடையிலேயே வரலாம். வயதானவர்கள் படியேறி இறங்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து நகரத் தியேட்டருக்கு நல்ல உடை உடுத்தி, கார் நிறுத்த இடம் தேடி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போகவேண்டியிருந்தது. அந்தச் செலவையும் சிரமத்தையும் ஒரே அடியில் நீக்கினார். கைக்குழந்தை வைத்திருந்த பெற்றோருக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் இது உண்மையிலேயே பெரிய காரியம். டிரைவ்-இன் என்றாலே காதலர்கள் இடம் என்று பிற்பாடு ஏற்பட்ட பெயர், அதைத் தொடங்கியவர் மனதில் இருந்த குடும்பத்தை மறைத்துவிட்டது.

சரி, எங்கே சறுக்கியது?

முதலில் சத்தம். காம்டன் அப்போது ஒலிக்கருவித் தொழிலின் ஊர். விக்டர் கிராமபோன் கம்பெனி அங்கேதான் வளர்ந்தது, 1929இல் ஆர்சிஏ என்ற ரேடியோ கம்பெனி அதை வாங்கி ஆர்சிஏ விக்டர் ஆக்கியது. ஹாலிங்ஸ்ஹெட்டுக்கு ஒலியமைப்பு செய்து கொடுத்ததும் அவர்கள்தான்: திரையருகே மூன்று பெரிய ஸ்பீக்கர்கள், சத்தத்தைக் கார்கள் பக்கமாகச் செலுத்தும்படி. ஆனால் திறந்த வெளியில் சத்தம் ஒருவர் பேச்சைக் கேட்டு நிற்பதில்லை. கடைசி வரிசையில் கண்ணாடிக்குள் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்கு வைத்தால், முன் வரிசையில் காது அடைக்கும், சுற்றுப்பக்கத்து வீடுகளில் தூங்க முடியாது. அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள்.

அதோடு தாமதம். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். திரையிலிருந்து 150 மீட்டர் தள்ளி நிற்கும் காருக்கு வசனம் கிட்டத்தட்ட அரை நொடி தாமதமாக வரும். நடிகர் வாய் மூடிய பிறகு பேச்சு கேட்கும். கோயில் திருவிழாவில் தெருக்கோடிக் குழாய் ஸ்பீக்கரின் பாட்டு, அருகில் உள்ளதை விடப் பிந்தி வந்து குழப்புமே, அதே கணக்குதான். பேசும்படம் வந்து ஐந்தாறு வருடமே ஆன காலம் அது. மக்கள் வசனத்தைக் கேட்கத்தான் காசு கொடுத்தார்கள். இதை எந்தப் பெரிய ஸ்பீக்கராலும் தீர்க்க முடியாது, ஏனென்றால் குறை ஸ்பீக்கரில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொடுத்து, கம்பி வழியாக ஒலியை அனுப்புவதுதான் வழி. கம்பியில் தாமதம் இல்லை. ஜன்னலில் மாட்டும் அந்த ஸ்பீக்கரை அதே ஆர்சிஏ 1941இல் கொண்டுவந்தது. பரவலானது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. ஹாலிங்ஸ்ஹெட்டின் தியேட்டர் அதற்குள் மூடி வருடங்கள் ஆகியிருந்தன.

இரண்டாவது, படம். என் கருத்தில் தியேட்டரைச் சாய்த்தது இதுதான். அன்றைய ஹாலிவுட்டில் பெரிய ஸ்டூடியோக்களே தியேட்டர்களையும் சொந்தமாக வைத்திருந்தன. புதுப்படம் முதலில் அவர்களுடைய நகர அரங்குகளுக்குப் போகும். அங்கே ஓடி முடிந்த பிறகு இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று கீழே இறங்கும். புதிதாக, தனியாக, அதுவும் வயல்வெளியில் தொடங்கிய ஒருவருக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. கிடைத்த பழைய படத்துக்கும் அவரிடம் தாறுமாறாகக் கேட்டார்கள். ஒரு படத்தை நான்கு நாள் ஓட்ட அவர் 400 டாலர் கொடுத்தார் என்றும், அதே படத்தை அதற்கு முன் ஓட்டிய ஒரு சின்னத் தியேட்டர் வாரத்துக்கு 20 டாலர்தான் கொடுத்திருந்தது என்றும் பதிவாகியிருக்கிறது.

இதைக் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். 400 கார், ஒரு காருக்கு அதிகபட்சம் 1 டாலர். அரங்கு முழுதும் நிரம்பி, எல்லாக் காரிலும் மூன்று பேராவது வந்திருந்தால்தான் ஒரு காட்சிக்கு 400 டாலர். அந்தக் காட்சி முழுவதும் பட வாடகைக்கே போய்விடும். அதுவும் எத்தனை காட்சி போட முடியும்? இருட்டினால்தான் படம் தெரியும். அந்தப் பகுதியில் ஜூன் மாதம் கடிகாரம் எட்டைத் தாண்டித்தான் சூரியன் மறைகிறது. முதல் காட்சி 8:30, அடுத்தது 10 மணி, கடைசி 11:30. காலையில் வேலைக்குப் போகிற குடும்பம் எந்தக் காட்சிக்கு வரும்? பகல் காட்சி கிடையாது. குளிர்காலத்தில் வருமானமே இல்லை. ஆனால் நிலத்துக்கும் கருவிகளுக்கும் போட்ட பணம் பன்னிரண்டு மாதமும் வட்டி கேட்கும். மழையைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயால் சோதித்தவரிடம் பனிக்காலத்துக்கு விடை இல்லை. நகரத் தியேட்டர்காரர் வருடம் முழுதும் ஓட்டிச் சம்பாதிப்பதை இவர் நான்கைந்து மாத இரவுகளில் சம்பாதித்தாக வேண்டும், அதுவும் பழைய படத்தை வைத்து, அதிக வாடகை கொடுத்து.

1935இல் அவர் தியேட்டரை விற்றார். வாங்கியவர் அதே நியூ ஜெர்சியின் வடபகுதியில் யூனியன் என்ற ஊரில் தியேட்டர் வைத்திருந்தவர். 1936இல் காம்டன் தியேட்டர் மூடப்பட்டது.

அதன் பிறகு அவர் நம்பியது காப்புரிமையை. தியேட்டர் நடத்துவதை விட, மற்றவர்கள் நடத்தும் தியேட்டர்களிடம் ராயல்டி வாங்குவதில்தான் லாபம் என்று நினைத்தார். தவறான நினைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண்மேட்டை யார் வேண்டுமானாலும் கொட்டலாம் அல்லவா? காம்டன் திறந்து ஒரு வருடம் ஆவதற்குள், 1934 ஏப்ரல் 15 அன்று, பென்சில்வேனியாவின் ஓர்ஃபீல்டில் ஓட்டல் நடத்திய வில்சன் ஷாங்க்வைலர் தன் டிரைவ்-இன்னைத் திறந்தார். காம்டன் தியேட்டரைப் பார்த்துவிட்டு வந்து செய்தது அது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு துணி, ஒரு ப்ரொஜெக்டர், ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். டெக்சஸ், கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கின. சிலர் உரிமம் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. வாங்கியவர்களிலும் சிலர் பணத்தை நிறுத்தினார்கள்.

பெரிய வழக்கு ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸில் 1937இல் திறந்த தியேட்டரோடு வந்தது. அதை நடத்தியது லோஸ் டிரைவ்-இன் தியேட்டர்ஸ். இதை எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டூடியோவின் தாய் நிறுவனமான லோஸ் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இது பாஸ்டனைச் சேர்ந்த இ.எம். லோ என்பவருடைய நிறுவனம், வேறு. பார்க்-இன் தொடுத்த வழக்கில் கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. இருக்கைகளை வில் போல அமைப்பதும் தரையைச் சாய்ப்பதும் கட்டடத்துக்குள் இருக்கும் தியேட்டர்களில் காலங்காலமாக உள்ளதுதான். அதையே காருக்கு ஏற்றபடி மண்ணில் செய்வது நிலத்தை வடிவமைப்பவரின் சாதாரணத் திறமை, கண்டுபிடிப்பு அல்ல என்றது நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. காப்புரிமை செல்லாது என்று ஆகிவிட்டது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறைசொல்வது கடினம். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தியேட்டரில் இருக்கையைச் சாய்ப்பது வேறு, கூரையும் கண்ணாடியும் உள்ள வண்டியைச் சாய்ப்பது வேறு. செய்து காட்டிய பிறகு எதுவும் சாதாரணமாகத்தான் தெரியும். கட்டைகளை மாற்றி மாற்றி வைத்து அந்தக் கோணங்களைக் கண்டவர் ஒருவர் இருந்தார், அவர் செய்த வரிசைகளை ஆயிரக்கணக்கான தியேட்டர்கள் பயன்படுத்தின.

'இந்தத் தீர்ப்பால்தான் டிரைவ்-இன்கள் பெருகின' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. காப்புரிமைக்கு 17 வருட ஆயுள், 1950 மே மாதம் அதுவாகவே முடிந்திருக்கும். பெருக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது: 1948இல் அமெரிக்காவில் 800க்கு மேல் டிரைவ்-இன்கள் இருந்தன. போர் முடிந்து வீரர்கள் திரும்பி, குடும்பமாகி, புறநகரில் வீடும் காரும் வாங்கிய காலம். ஜன்னல் ஸ்பீக்கர் தயாராக இருந்தது. ஸ்டூடியோக்கள் தியேட்டர்களை வைத்திருப்பது போட்டிக்கு எதிரானது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் பட விநியோகத்தின் இறுக்கமும் தளரத் தொடங்கியது. ஹாலிங்ஸ்ஹெட்டை முடக்கிய இரண்டு தடைகளும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் விலகின. 1958 வாக்கில் எண்ணிக்கை 4,000ஐத் தாண்டியது. அவர் 1975 வரை உயிரோடு இருந்தார், அந்த உச்சத்தையும் பார்த்தார், சரிவின் தொடக்கத்தையும் பார்த்தார்.

சரிவைப் பற்றி இங்கே நீட்ட வேண்டாம்: தொலைக்காட்சி, வீடியோ கேசட், எல்லாவற்றையும் விட நிலத்தின் விலை. நகரம் வளர்ந்து வந்து சேர்ந்தபோது, இரவில் மட்டும் சம்பாதிக்கும் பல ஏக்கர் நிலத்தை வணிக வளாகத்துக்கு விற்பதுதான் லாபமாக இருந்தது. தொடங்கிய மாநிலத்துக்கே அந்த நிலை வந்தது. நியூ ஜெர்சியின் கடைசி டிரைவ்-இன் ஹேஸ்லெட் ஊரில் 1991இல் மூடப்பட்டது. பதின்மூன்று வருடம் அந்த மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை. 2004இல் வைன்லேண்ட் ஊரில், 1987இல் மூடிக் கிடந்த டெல்சி டிரைவ்-இன்னை ஒரு குழந்தை மருத்துவர் வாங்கி மறுபடி திறந்தார்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். காம்டன் தியேட்டரின் திரையோ மேடுகளோ இன்று இல்லை. அந்தப் பகுதி நெடுஞ்சாலைகளும் வணிகக் கட்டடங்களுமாக மாறிவிட்டது. அங்கே போய்த் தேடுவதை விட இரண்டு காரியம் செய்யலாம். அமெரிக்கப் பயணம் வாய்த்தால், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வடக்கே ஓர்ஃபீல்டுக்குப் போங்கள். 1934இல் தொடங்கிய ஷாங்க்வைலர்ஸ் இன்னும் படம் காட்டுகிறது, இன்று இயங்குவதில் அதுதான் மிகப் பழையது. அங்கே ஒலி உங்கள் கார் ரேடியோவிலேயே எஃப்எம் அலைவரிசையில் வரும்.

பயணம் வாய்க்காவிட்டால், 1,909,537 என்ற எண்ணைக் கொண்டு அந்தக் காப்புரிமையை இணையத்தில் தேடிப் படியுங்கள், இலவசமாகவே கிடைக்கும். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தை விட, பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் படத்தைக் கவனியுங்கள். சரிவில் மூக்கைத் தூக்கி நிற்கும் ஒவ்வொரு காரிலிருந்தும் திரைக்குப் பார்வைக்கோடு போட்டிருப்பார். முன்னால் நிற்கும் காரின் கூரையை அது எங்கேயும் தொடாது.